ஆற்றொழுக்காய் ஒரு வாழ்வு: நாவலூர் நம்பியாரூரர்

முன்னுரை

நூற்பாக்கள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் முறையினை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காகப் பகுத்துக் கூறும் நன்னூல். இவற்றுள் முதலாவதாகிய ஆற்றொழுக்கு நூலுக்கேயன்றி வாழ்வுக்கும் பொருந்துவதாகும். வருவதை மறித்து நில்லாமலும், போவதைப் பற்றி இழுக்காமலும், நெஞ்சின் சுமை குறைய வாழ்வதே ஆற்றொழுக்கான வாழ்வு. சங்கச் சான்றோராகிய கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கை ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்தோடு ஒப்பிட்டதும் இக்கருத்துப் பற்றியே ஆகும்.

இஸ்லாமியப் பெருமக்கள் தவக்குல் எனப் போற்றும் பண்பும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடுவது தவக்குல் ஆகாது. கட்டிவிட்டுப் பாரத்தை ஒப்படைப்பதே தவக்குல் ஆகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய நெறி. அவ்வாறாயின், நாம் எதனை விட்டுவிட வேண்டும், எதனைக் கட்டிவைக்க வேண்டும் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண, நம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலேயே பிறந்த பெரியார் ஒருவரின் வரலாறு நமக்குத் துணை செய்கின்றது. அவர்தாம் சுந்தரர் எனவும் நம்பியாரூரர் எனவும் வழங்கப்பெறும் சுந்தரமூர்த்தி நாயனார்.

அவர் 8 ஆம் நூற்றாண்டினர் என்பர் அறிஞர் பலர். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமே அவர்தம் வரலாற்றுக்கு விரிவான சான்று. அந்நூல் கூறும் அற்புதங்களை அவரவர் நம்பிக்கைக்கு விட்டு, அவற்றினூடே விளங்கும் மனிதப் பண்பினை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

கெடிலக்கரைப் பிள்ளை

முன்னாளில் திருமுனைப்பாடி நாடு எனப் பெயர் பெற்றிருந்த பகுதியைச் சேர்ந்தது திருநாவலூர். பின்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ளது. கெடிலம் பாயும் அவ்வூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தார் நம்பியாரூரர். சிறுதேர் உருட்டித் தெருவில் விளையாடிய அப்பிள்ளையை, அந்நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் கண்டார். பெற்றோரிடம் வேண்டிப் பெற்று, அரண்மனையில் தம் மகனாகவே வளர்த்தார்.

பிறந்தது ஓர் இல்லம். வளர்ந்தது மற்றோர் இல்லம். எனினும் அந்தணர் குலத்து ஒழுக்கத்தையும் அரச குலத்துச் செல்வத்தையும் ஒருங்கே ஏற்று அவர் வளர்ந்தார் எனச் சேக்கிழார் காட்டுகின்றார். இரண்டில் ஒன்றை மறுத்து மற்றொன்றைப் பற்றும் போராட்டம் அவரிடம் இல்லை. பிற்கால வாழ்வின் போக்குக்கு இந்த இளமையே முன்னுரையாயிற்று.

மணம் தவிர்ந்த புத்தூர்

புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகளாரை மணம் பேசினர். மணநாளும் வந்தது. மணப்பந்தலில் முதியவர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உள்ளது என்றும் வழக்குரைத்தார். அரண்மனைச் செல்வராகிய நம்பியாரூரர் சினந்தார். முதியவரைப் பித்தர் என்று இகழ்ந்தார். ஓடிச்சென்று அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டத்தோடு செல்லும் இயல்பு அவருக்கும் பிறவியிலேயே முழுமையாக வாய்த்துவிடவில்லை. முதலில் எதிர்த்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. முதியவர் மூல ஓலையைக் காட்டினார். அவையினர் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தனர், இரண்டும் ஒத்திருந்தன. நம்பியாரூரர் தோற்றார் எனத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தபின் அவர் வாதிடவில்லை. மணக்கோலத்தோடே அம்முதியவரைப் பின்தொடர்ந்தார். முதியவர் கோயிலுள் புகுந்து மறைய, வந்தவர் இறைவனே என உணர்ந்தார் என்பது வரலாறு. எந்தச் சொல்லால் இகழ்ந்தாரோ அந்தச் சொல்லையே முதற்சொல்லாக வைத்துத் தம் முதற்பாடலைப் பாடினார்.

கையிலுள்ள காரணங்களையெல்லாம் எடுத்துரைத்து வழக்காடுவது மனிதர் உரிமை. உண்மை தெளிந்தபின் வீம்பு பேசாமல் வழிவிடுவது மனிதர் பெருமை. இவ்விரண்டையும் ஒரே நாளில் செய்து காட்டியவர் அவர்.

ஆயினும், அந்த ஓட்டம் கரையில் விட்டுச்சென்ற ஒருவரையும் நாம் மறத்தல் ஆகாது. சடங்கவியாரின் மகளார் வேறு மணம் நாடாது, நம்பியாரூரரையே நினைந்திருந்து வாழ்வை முடித்தார் என்று பெரியபுராணம் பேசுகின்றது. மணம் தவிர்ந்த புத்தூர் என்னும் பெயர் அவர்தம் துயரையும் சேர்த்தே சுமந்து நிற்கின்றது. ஒருவர் எளிதாகத் தம் வழிச் செல்லும்போது, அதன் விலையைப் பிறர் கொடுக்க நேர்கின்றதா என எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

தலைமேல் பட்ட அடி

பின்னர்த் திருவதிகைக்குச் சென்றார். நாவலூரைத் தொட்டுவந்த கெடிலமே அதிகைக்கும் நீர் தருகின்றது. திருநாவுக்கரசர் தொண்டு செய்த தலமாகையால், அம்மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, புறத்தே இருந்த சித்தவட மடத்தில் இரவு தங்கினார். உறங்கும்போது முதியவர் ஒருவரின் கால் அவர் தலைமேல் பட்டது. நம்பியாரூரர் எழுந்து கேட்டார். முதுமையால் திசை அறியாமல் நேர்ந்தது என்றார் முதியவர். நம்பியாரூரர் தலையை வேறு பக்கம் மாற்றிப் படுத்தார். அங்கும் அவர் கால் நீண்டது. இப்படிப் பலமுறை நேர்ந்த பின்னரே, நீர் யார் என வினவினார். அக்கணமே முதியவர் மறைந்தார்.

புத்தூரில் ஓலையைக் கிழித்த கை, அதிகையில் படுக்கையை மட்டும் நகர்த்தியது. சில நாளில் நேர்ந்த இம்மாற்றமே அவர் பெற்ற முதற்கல்வி எனலாம். பேருந்து நெரிசலிலும் விடுதி அறையிலும் சிறு இடையூற்றுக்குப் பெருஞ்சினம் கொள்ளும் நம் மாணவச் செல்வங்கள் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆற்றில் இட்ட பொன்

திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தபோது, விழாச் செலவுக்கும் அடியார்க்கு உணவளிக்கவும் பொருள் தேவைப்பட்டது. கிடைத்தபோது வழங்கினார், தீர்ந்தபோது இறைவனைப் பாடிக் கேட்டார், சேர்த்து வைத்துக் காத்தார் என்று எங்கும் இல்லை. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் 12,000 பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அருள் கிடைத்தது. அவ்வாறே இட்டு, அவ்வாறே எடுத்தார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் பழமொழியை இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர். மணிமுத்தாறு நம் கல்வராயன் மலையில் தோன்றி வருவது என்பது நமக்குப் பெருமிதம் தரும் செய்தி.

பழமொழியில் இச்செயல் அறியாமைக்கு எடுத்துக்காட்டு. வரலாற்றிலோ, பொருளைக் கைவிட்ட பின்னும் நெஞ்சு பதறாத நிலைக்கு எடுத்துக்காட்டு. பரவையார் நகைக்க, நம்பியாரூரர் குளத்தில் இறங்கித் துழாவினார் என்பதையும் நாம் நோக்க வேண்டும். நம்பிக்கை இருந்தது; தேடும் முயற்சியும் இருந்தது.

சூளுறவும் கண்ணொளியும்

இத்துணை எளிதாகச் சென்ற வாழ்வு ஓரிடத்தில் பெரும்பாறையில் மோதியது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரியேன் எனச் சூளுறவு செய்ய வேண்டும் என்றபோது, கோயில் திருமுன்னர்ச் சூளுரைக்கும் நேரத்தில் மட்டும் இறைவன் மகிழ மரத்தடியில் சென்று இருக்குமாறு வேண்டிக்கொண்டார். சொல்லுக்குக் கட்டுப்படாமல் தப்பும் சூழ்ச்சி அது. ஆனால் சங்கிலியாரோ அம்மகிழ மரத்தடியிலேயே சூளுரைக்கச் செய்தார். சில காலத்தில் திருவாரூர் நினைவு மிக, நம்பியாரூரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே இரு கண்களின் ஒளியும் மறைந்தது.

இவ்விடமே நம் வினாவுக்கு விடை தருமிடம். மனம் போன போக்கில் போவதும் ஓட்டத்தோடு போவதும் ஒன்றல்ல. பதவியை, பொருளை, பந்தலில் நின்ற மணத்தையும் விட்டுவிடலாம். பிறருக்குக் கொடுத்த சொல்லை மட்டும் விட்டுவிடல் ஆகாது. கட்டிவைக்க வேண்டிய ஒட்டகம் அதுவே.

கண்ணிழந்த அவர் அமர்ந்துவிடவில்லை. வழியறிவார் துணையோடு நடந்தார். திருவெண்பாக்கத்தில் கண்ணுக்கு மாறாக ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. மனம் நொந்தார், நொந்ததைப் பாட்டாகவே பாடினார், கோலை ஊன்றி மேலும் நடந்தார். காஞ்சியில் இடக்கண் ஒளி பெற்றது. திருவாரூரில் வலக்கண் ஒளி பெற்றது. பாதி கிடைத்தபோது அதற்கு நன்றி பாடி, மீதிக்காக நடந்த அந்த நடையே நம்மை நெகிழ்விப்பது.

நிறைவுரை

சேரமான் பெருமாள் நாயனாரின் நட்பும், அவரோடு செல்கையில் திருவையாற்றருகே காவிரி வெள்ளம் வழிவிட்ட செய்தியும், கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களத்தில் வாழ்வு நிறைவுற்ற செய்தியும் பலரும் அறிந்தவை. அக்கொடுங்கல்லூரிலேயே சேரமான் பள்ளிவாசல் இருந்து, வேறொரு பெருமாள் மன்னரைப் பற்றிய இஸ்லாமிய மரபுச் செய்தியைக் காத்து வருகின்றது. இரு மரபுகளும் வேறு வேறாயினும் ஒரே ஊரின் இரு துறைகளில் அமைதியாகப் பாய்ந்து வருதல் மகிழ்ச்சிக்குரியது.

அவர் பாடிய 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாக விளங்குகின்றன. அவர் அடியார்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடிய திருத்தொண்டத் தொகையே பெரியபுராணத்திற்கு வித்தாயிற்று. இவையனைத்தையும் செய்த அவர் 18 ஆண்டுகளே வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. நம் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவரின் வயது அது.

விரும்பிய படிப்பு கிடைக்காமையும், எதிர்பார்த்த பணி தவறுதலும், பேசிய மணம் நின்று போதலும் இவ்வயதினருக்கு வாழ்வே முடிந்ததுபோல் தோன்றும். அந்நேரத்தில், மணக்கோலம் கலையாமல் வெண்ணெய்நல்லூரை நோக்கி நடந்த நாவலூர் இளைஞரை நினைவில் கொள்வோம். முயல வேண்டியதை முயன்று, முடிவை இறைவனிடம் விட்டு, கொடுத்த சொல்லை மட்டும் விடாது பற்றிக் கொள்வோமாக. அத்தகைய எளிய நெஞ்சினை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.