தெஹிவளையில் தோட்டம் அமைத்த ஜேர்மனியர்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகாத பிள்ளைகள் கொழும்பில் மிகக் குறைவு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். வெள்ளவத்தையில் வசிக்கும் எங்களுக்கோ அது பக்கத்து ஊர். ஆயினும் அதைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் எம்மில் பலருக்கு விடை தெரியாது. அவர் இலங்கையருமல்லர், நாட்டை ஆண்ட பிரித்தானியருமல்லர். ஜோன் ஹேகன்பெக் என்னும் ஜேர்மனியர். அவரது வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு மதிப்பும் ஏற்பட்டது, மனச்சங்கடமும் ஏற்பட்டது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜோன் 1866 ஆம் ஆண்டு ஹம்பேர்க் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வியாபாரி. 1848 இல் மீனவரின் வலையில் அகப்பட்ட சில கடல்நாய்களைத் தொட்டியில் இட்டு, பார்க்க வந்தவர்களிடம் காசு பெற்றார் அவர். அந்தச் சிறிய தொடக்கமே குடும்பத் தொழிலாக வளர்ந்தது. மூத்த மகன் கார்ல் ஹேகன்பெக் உலகறிந்த விலங்கு வணிகரானார். ஜோன் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. கார்லைவிட 22 வயது இளையவர்.

1880களில், இருபது வயதளவில், ஜோன் இலங்கைக்கு வந்தார். இங்கிருந்து யானைகளையும் வேறு விலங்குகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்புவது அவரது வேலை. பின்னர் கொழும்பிலேயே குடியேறித் தோட்டங்களும் வாங்கினார். கொட்டாஞ்சேனைக்கு அருகே இன்று கொள்கலன்கள் அடுக்கப்பட்டிருக்கும் துறைமுகத்தில் அன்று யானைகள் கப்பலேறின. சுயஸ் கால்வாய் வழியே பல வாரப் பயணம். இலங்கையில் கழித்த 25 ஆண்டுகளைப் பற்றி அவர் ஜேர்மன் மொழியில் ஒரு நூலும் எழுதினார்.

இவ்விடத்தில் வேதனையான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஹேகன்பெக் குடும்பத்தினர் விலங்குகளை மட்டும் காட்சிக்கு வைக்கவில்லை. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மனிதர்களை அழைத்துச் சென்று, ஐரோப்பிய நகரங்களில் போலிக் கிராமங்கள் அமைத்து, அவர்கள் ஆடுவதையும் உழைப்பதையும் கட்டணத்துக்குக் காட்டினார்கள். ஜோனும் இத்தகைய காட்சிகளை நடத்தியவரே. யானைகளுக்குப் பக்கத்தில் நம் நாட்டு மனிதர்! வாசித்தபோது சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன்.

குடும்ப வணிகம் இலங்கையோடு நிற்கவில்லை. ஆபிரிக்காவிலிருந்தும் விலங்குகள் ஹம்பேர்க்குக்கு வந்தன. அக்காலத்து விலங்கு வணிகத்தில் சிம்பன்சிக் குட்டிகளுக்கு நல்ல விலை இருந்தது. வளர்ந்த சிம்பன்சி மனிதனைவிடப் பலமானது. அதைப் பிடித்து வருவது எளிதல்ல. ஆகவே குட்டியையே தேடினார்கள். தாய் தன் குட்டியை உயிரோடு விடாது. தாயைக் கொன்ற பின்னரே அதன் மார்பிலிருந்து குட்டியைப் பிரித்தெடுத்தார்கள். காக்க வந்த உறவுகளும் சுடப்பட்டன. எடுத்த குட்டிகளிலும் பல வழியிலேயே இறந்தன. ஒரு தாய்ச் சிம்பன்சி ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவையே குட்டி ஈனும். அப்படியானால் கூண்டுக்கு வந்த ஒரு குட்டிக்காகக் காடு இழந்தது எவ்வளவு!

ஆனால் விலங்குகளைப் பிடித்து விற்ற அதே குடும்பத்திலிருந்துதான் கூண்டில்லாத மிருகக்காட்சிச்சாலையும் பிறந்தது. 1907 இல் கார்ல், ஹம்பேர்க்கை அடுத்த ஸ்டெல்லிங்கனில் ஒரு பூங்காவைத் திறந்தார். அங்கே இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் இருந்தன. மண்ணிலும் பாறையிலும் திறந்த வானத்தின் கீழ் விலங்குகள் உலாவின. பின்னாளில் உலகெங்கும் அதைப் பின்பற்றினார்கள்.

1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. பிரித்தானியர் ஆண்ட இலங்கையில் ஜேர்மனியர் பகைவராகக் கருதப்பட்டதால் ஜோன் தம் உடைமைகளை இழந்து வெளியேறினார். ஜேர்மனியில் சில காலம் திரைப்படங்களும் தயாரித்தார். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் மீண்டும் இலங்கைக்கு வந்து, தெஹிவளையில் விலங்குகளை வைத்திருக்க ஓர் இடம் அமைத்தார். ஏற்றுமதிக்கு முன் விலங்குகள் தங்கிய அவ்விடம் பொதுமக்கள் பார்க்கும் தோட்டமாக வளர்ந்தது. ஆனால் அதை நடத்திய கம்பனி நட்டமடைந்து கலைக்கப்பட்டது. 1936 இல் அரசாங்கம் தோட்டத்தைப் பொறுப்பேற்றது.

1939 இல் மீண்டும் போர் மூண்டது. மறுபடியும் பகை நாட்டவரென ஜோன் தடுத்து வைக்கப்பட்டார். 1940 இல் கொழும்பிலேயே காலமானார். எத்தனையோ உயிர்களை அடைத்து வைத்தவரின் இறுதி நாட்களும் காவலிலேயே கழிந்தன என்று எண்ணத் தோன்றுகிறது. அதை நினைத்து மகிழ என்னால் முடியவில்லை.

அவர் விட்டுச் சென்ற தோட்டமோ வளர்ந்தது. பின்னாளில் அதன் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ், சிங்கப்பூர் அரசின் அழைப்பின் பேரில் அங்கும் ஒரு மிருகக்காட்சிச்சாலையைத் திட்டமிட்டுக் கொடுத்தார். 1973 இல் திறக்கப்பட்ட அதுவும் கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து அகழிகளால் அமைந்ததே. உலக நாடுகளும் விழித்துக்கொண்டன. காட்டுச் சிம்பன்சிகளைப் பிடித்து வணிகம் செய்வது 1977 முதல் சர்வதேச உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. இலங்கையும் 1979 இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். ஹேகன்பெக்கின் வாழ்க்கையைப் படித்தபின் அது எனக்குப் புதிய பொருளைத் தந்தது. ஓர் உயிரை அடைத்து வைத்தால் அதன் தேவைகள் யாவும் நம் கடனாகிவிடுகின்றன. சிம்பன்சியின் தேவை வாழைப்பழம் மட்டுமன்று. காட்டில் அது கூட்டமாக வாழும். இரவுதோறும் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை அமைக்கும். குச்சியைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடிக்கும். கூட்டமும், ஏற மரமும், தேடி எடுக்க உணவும் கொடுக்காத இடம் எத்தனை துப்புரவாக இருந்தாலும் சிறைதான்.

தோழியரே, ஜோன் ஹேகன்பெக்கை முழுமையாகப் புகழவும் வேண்டாம், முழுமையாக இகழவும் வேண்டாம். அவர் காலத்தில் மிருகக்காட்சிச்சாலையின் பெருமை, எத்தனை விலங்குகளைக் கொண்டு வந்தோம் என்பதில் இருந்தது. நம் காலத்தில், வந்தவற்றுக்கு என்ன கொடுத்தோம், காட்டில் எஞ்சியவற்றை எப்படிக் காத்தோம் என்பதில் இருக்க வேண்டும். சிம்பன்சி ஆபிரிக்காவுக்கு உரியது. நம் மேல் மாகாணத்திலோ, உலகில் மிகவும் அருகிவிட்ட குரங்கினங்களுள் ஒன்றான ஊதாமுக மந்தி, மரங்கள் வெட்டப்படுவதால் வாழிடமின்றித் தவிக்கிறது. நம் காவல் அங்கிருந்து தொடங்கட்டும்.