மலரின் மறைபொருள் கண்ட மொழியாசிரியர்

மலரைப் பாடாத புலவர் இலர். அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என ஒரு பூவின் பருவந்தோறும் பெயர் சூட்டி மகிழ்ந்தது நம் மொழி. ஆயினும், பூ எதற்காகப் பூக்கிறது, அதன் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அவ்வாறு அமைந்துள்ளது என்னும் வினாவுக்கு விடை தேடி, செடியின் அருகே நாள் முழுதும் அமர்ந்திருந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஜெர்மனி நாட்டின் கிறிஸ்தியான் கொன்ராட் ஸ்பிரெங்கல். அவர் தாவரவியல் பேராசிரியர் அல்லர். பள்ளியில் மொழி கற்பித்த ஆசிரியர். தமிழ்த்துறை வெளியிடும் மலர் ஒன்றில் மலரை ஆராய்ந்த மொழியாசிரியர் ஒருவரின் வாழ்வைச் சொல்லுதல் பொருத்தமுடையதேயாகும்.

இளமையும் பணியும்

ஸ்பிரெங்கல் 1750ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிராண்டன்பர்க் நகரில், கிறித்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். பின்னர் பெர்லினில் ஆசிரியப் பணியேற்ற அவர், 1780இல் அந்நகரையடுத்த ஸ்பாண்டாவ் என்னும் ஊரில் இருந்த பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பாடமும் நூலுமே வாழ்வாக இருந்த அவரது உடல்நலம் குன்றியது, கண்களும் துன்புறுத்தின. அவ்வூர் மருத்துவராகிய எர்னஸ்ட் லூட்விக் ஹைம், திறந்த வெளியில் உலவித் தாவரங்களைப் பயிலுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். மருந்தாக வந்த செடிகளே பின்னர் அவர் வாழ்வின் பொருளாயின.

அன்றைய அறிவு

ஒரு மலரைக் கையிலெடுத்தால் வெளியே பச்சை நிறத்தில் புல்லிவட்டமும், அதனுள் வண்ண இதழ்களாலான அல்லிவட்டமும் காணப்படும். அதற்கும் உள்ளே மகரந்தத்தாள்கள் நிற்கின்றன. அவற்றின் நுனியிலுள்ள மகரந்தப்பைகளில்தான் மகரந்தத்தூள் உருவாகிறது. நடுவில் அமைந்தது சூலகம். சூல்களைத் தாங்கிய சூற்பையும், அதன்மேல் சூல்தண்டும், தண்டின் உச்சியில் சூல்முடியும் சேர்ந்ததே அது. மகரந்தம் சூல்முடியை அடைந்து சூல் கருவுற்றால்தான் விதை உண்டாகும்.

தாவரங்களுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதைக் கமராரியஸ் 1694இல் வெளிப்படுத்தியிருந்தார். லின்னேயஸ் அவ்வுறுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே தாவரங்களை வகுத்தார். பூச்சிகள் மகரந்தம் சுமப்பதைக் கோல்ரூட்டர் 1761 முதல் எழுதிவந்தார். எனினும், ஒரே பூவில் இருபால் உறுப்புகளும் அருகருகே இருத்தலின், மகரந்தம் தானே சூல்முடியில் விழுந்துவிடும் என்பதே அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. வண்ணமும் மணமும் தேனும் எதற்கு என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிட்டவில்லை.

மயிரிழையில் பிறந்த வினா

1787ஆம் ஆண்டுக் கோடையில் காட்டு ஜெரேனியப் பூவொன்றை ஸ்பிரெங்கல் உற்று நோக்கினார். இதழ்களின் அடிப்பகுதியில் மெல்லிய மயிர்கள் இருந்தன. படைத்தவன் ஒரு சிறு மயிரையும் பயனின்றிப் படைத்திருக்க மாட்டான் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. ஆகவே இம்மயிர்களின் பயன் யாதென ஆராய்ந்தார். அவற்றின் கீழே தேன்துளிகள் இருப்பதைக் கண்டார். புருவமயிர் வியர்வையைக் கண்ணில் விழாமல் தடுப்பதுபோல், இம்மயிர்கள் மழைநீர் தேனோடு கலவாமல் காக்கின்றன என்று தெளிந்தார். அங்ஙனமாயின் அத்தேன் யாருக்காகக் காக்கப்படுகிறது? பூச்சிகளுக்காக என்பதே அவர் கண்ட விடை.

அடுத்த ஆண்டு மயோசோட்டிஸ் என்னும் சிறு நீலப்பூவை ஆராய்ந்தார். அதன் நடுவே தேன் இருக்கும் குழலின் வாயைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று இருந்தது. அது பூச்சிக்குத் தேனிருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி என்றுணர்ந்தார். 1789இல் ஐரிஸ் மலர்களை ஆராய்ந்து, பூச்சியின் துணையின்றி அவை கருவுற இயலாது என்று கண்டார்.

1790இல் எபிலோபியம் என்னும் செடி அவருக்குப் பெரியதோர் உண்மையை உணர்த்தியது. அதன் பூவில் முதலில் மகரந்தப்பைகள் முதிர்ந்து தூளை உதிர்க்கின்றன. அப்போது சூல்முடி விரியாமல் மூடியிருக்கிறது. மகரந்தம் தீர்ந்த பின்னரே சூல்முடி நான்கு கிளைகளாக விரிகிறது. எனவே இளம்பூவின் மகரந்தத்தை முதிர்ந்த பூவுக்குப் பூச்சியே கொண்டுசெல்ல வேண்டும். ஒரே பூவில் இருந்தும் இருபால் உறுப்புகளும் வெவ்வேறு காலத்தில் முதிரும் இந்நிலைக்கு இருகால முதிர்வு என்று பெயர். பெண்ணுறுப்பு முந்தி முதிரும் பூக்களையும் பின்னர் அவர் கண்டறிந்தார். எந்தப் பூவும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதை இயற்கை விரும்பவில்லை போலும் என்ற முடிவுக்கு இவை அவரை இட்டுச்சென்றன.

நூலும் துயரும்

1793இல் அவரது பெருநூல் பெர்லினில் வெளிவந்தது. மலர்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் வெளிப்பட்ட இயற்கையின் மறைபொருள் என்பது அதன் பெயரின் கருத்து. 461 தாவரங்களை அந்நூல் விளக்கியது. 25 செப்புத்தகட்டுப் படங்களில் அவர் தம் கையாலேயே வரைந்த ஓவியங்கள் இடம்பெற்றன.

உலகம் அந்நூலைப் பொருட்படுத்தவில்லை. இயற்கைக்கு மனித அறிவை ஏற்றிக்கூறுகிறார் என்று கோதே போன்ற பெரியோரும் குறை கண்டனர். பள்ளியிலும் பிணக்கு முற்றியது. மாணவரிடம் கடுமையாக நடந்துகொள்கிறார், கடமையில் கவனம் குறைந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவை முற்றும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. விடியல் முதல் பூவின் அருகே காத்திருந்த பொறுமை வகுப்பறையில் அவரிடம் இல்லாமற்போனது வருந்தத்தக்கதே. 1794இல் ஓய்வூதியத்துடன் அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். எழுத எண்ணியிருந்த இரண்டாம் பகுதி வெளிவரவேயில்லை.

பின்னர் பெர்லினில் தனிப்பாடம் சொல்லியும், ஞாயிறுதோறும் ஆர்வமுடையோரை வெளியே அழைத்துச் சென்று செடிகளைக் காட்டியும் காலம் கழித்தார். தேனீக்களின் பயனையும் தேனீ வளர்ப்பின் தேவையையும் வலியுறுத்தி 1811இல் சிறுநூல் ஒன்று எழுதினார். மொழியையும் அவர் மறக்கவில்லை. உரோமானியக் கவிஞர்களைப் பற்றிய ஆய்வுநூல் ஒன்றை 1815இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் காலமானார். அவரது உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யப்பட்ட இடமும் இன்று தெரியவில்லை.

மறைவுக்குப் பின் ஒளி

கால் நூற்றாண்டு கழிந்தது. தாவரவியலறிஞர் இராபர்ட் பிரௌனின் பரிந்துரையால் 1841இல் சார்லஸ் டார்வின் அந்நூலைப் படித்தார். ஸ்பிரெங்கல் கண்ட உண்மைகள் பலவற்றைத் தாமே செடிகளில் சோதித்துச் சரியென உணர்ந்தார். அவரது பெயரைத் தம் நூல்களில் மதிப்புடன் குறித்தார். ஸ்பிரெங்கலின் ஆய்வில் ஒரு குறை இருந்தது. பூ தன் மகரந்தத்தை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதை அவர் விளக்கவில்லை. அயல் மகரந்தச் சேர்க்கையால் விளையும் வழித்தோன்றல்கள் உயரமும் வலிமையும் விதைவளமும் மிகுந்திருத்தலைப் பல்லாண்டுச் சோதனைகளால் காட்டி, 1876இல் டார்வின் அக்குறையை நிறைவு செய்தார். இன்று மகரந்தச் சேர்க்கை பற்றிய ஆய்வு ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அதன் முன்னோடியாக ஸ்பிரெங்கல் போற்றப்படுகிறார்.

ஸ்பிரெங்கலிடம் பெருங்கருவிகள் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. கண்ணும் பொறுமையும், சிறியதும் வீணன்று என்னும் நம்பிக்கையுமே இருந்தன. கவிதையில் ஓர் அசையும் பொருளின்றி நில்லாது என்று மாணவர்க்குக் கற்பிக்கும் மொழியாசிரியரின் கண்ணே இதழடியில் இருந்த மயிரையும் பொருளுடையதாகக் கண்டது போலும். மாணவச் செல்வங்களே! நாளை காலை கல்லூரிக்கு வரும் வழியில் ஒரு பூவின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். வந்தமரும் வண்டு எங்கே இறங்குகிறது, உடலின் எப்பகுதியில் தூள் ஒட்டுகிறது என்று நோக்குங்கள். ஸ்பிரெங்கலுக்கு நாம் செய்யக்கூடிய நன்றிக்கடன் அதுவே.