வெள்ளி நூலும் உண்மையும்

பனி உருகத் தொடங்கும் மார்ச் மாதத்தில், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு முதலில் திரும்பி வரும் சிறு பறவைகளில் ஒன்று பீபி. அது கூவும் ஒலியே அதற்குப் பெயராகிவிட்டது. அதன் எடை சுமார் 20 கிராம்தான். குளிர்காலத்தைத் தெற்கு மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் கழித்துவிட்டு, வசந்தத்தின் தொடக்கத்தில் வடக்கே வந்து, பாலங்களின் அடியிலும் பாறை இடுக்குகளிலும் சேற்றாலும் பாசியாலும் கூடு கட்டுகிறது. சென்ற ஆண்டு வந்த அதே பறவைதான் இந்த ஆண்டும் வருகிறதா? இந்தக் கேள்வியோடு இணைத்துப் பேசப்படுபவர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான். அவருடைய வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

1785ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று, இன்று ஹெய்ட்டி என்று அழைக்கப்படும் நாட்டில் அவர் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கப்பல் தலைவர். கரும்புத் தோட்ட உரிமையாளர். திருமண உறவுக்கு வெளியே பிறந்த அக்குழந்தை, சில மாதங்களிலேயே தாயையும் இழந்தது. தந்தை மகனைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார். தந்தையின் மனைவி அவனைத் தன் சொந்தப் பிள்ளையாகவே ஏற்று அன்போடு வளர்த்தார். 1800இல் நான்ட் நகரில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. நெப்போலியனின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்படாமல் தப்பிக்க, 1803இல், தம் 18ஆம் வயதில், பென்சில்வேனியாவில் தந்தைக்கு இருந்த மில் குரோவ் பண்ணைக்கு அனுப்பப்பட்டார்.

அப்பண்ணையின் அருகே ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு குகை. அங்கே ஒரு பீபி இணை கூடு கட்டியிருந்தது. 1804 வசந்தத்தில் ஆடுபான் நாள்தோறும் அங்கே சென்று அவற்றோடு பழகினார். குஞ்சுகளின் கால்களில் சாதாரண நூலைக் கட்டினார். பறவைகள் அதை அலகால் அகற்றிவிட்டன. பிறகு காலுக்கு வலி தராதபடி தளர்வாக, ஆனால் கழன்று விழாதபடி, மெல்லிய வெள்ளி நூலைக் கட்டினார். மறு வசந்தத்தில் அந்த நூலோடு இரண்டு பறவைகள் அருகிலேயே கூடு கட்டியிருக்கக் கண்டதாக, 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 1834இல் வெளியான தம் நூலில் எழுதினார். அமெரிக்காவில் பறவைக்கு முதன்முதலில் அடையாளம் கட்டியவர் என்ற புகழ் இதனால் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய பிற்கால வாழ்வு எளிதானதன்று. 1808இல் லூசி பேக்வெல் என்பவரை மணந்தார். கென்டக்கியில் நடத்திய வணிகம் நொடித்து, 1819இல் கடனுக்காகச் சிறைக்குச் சென்றார். இரண்டு பெண் குழந்தைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். கையில் எதுவும் மிஞ்சாத நிலையில், அமெரிக்கப் பறவைகளை எல்லாம் உண்மை அளவிலேயே வரைவது என்று துணிந்தார். அவர் காடு மேடெல்லாம் அலைந்த ஆண்டுகளில், லூசி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1826இல் ஆடுபான் படங்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1827 முதல் 1838 வரை 435 படங்கள் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டப்பட்டு வெளிவந்தன. ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 1851 சனவரி 27 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தார்.

இத்தோடு முடித்துக்கொண்டால் விடாமுயற்சிக்கு ஓர் அழகான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்துவிடும். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. ஆடுபான் மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார், விற்றார். அடிமை முறை ஒழிப்பை எதிர்த்தார். இதை முன்னிட்டு, அவர் பெயரைத் தாங்கியிருந்த உள்ளூர்ப் பறவைச் சங்கங்கள் சில அண்மை ஆண்டுகளில் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. தேசிய அளவிலான சங்கமோ 2023இல் அப்பெயரையே தக்கவைத்துக்கொண்டது.

வெள்ளி நூல் கதையும் கேள்விக்கு உள்ளானது. 2018இல் மேத்யூ ஹாலி என்ற பறவையியலாளர் பழைய ஆவணங்களை ஆராய்ந்தார். 1805 வசந்தத்தில் ஆடுபான் அந்த ஓடைக்கரையில் இல்லை. பிரான்சில் இருந்தார் என்றும், 1806இல்தான் அமெரிக்கா திரும்பினார் என்றும் எடுத்துக்காட்டினார். அது மட்டுமன்று. வளர்ந்த பீபிகள் பழைய கூட்டிடத்துக்குத் திரும்புவது உண்மை. ஆனால் குஞ்சுகள் தாம் பிறந்த இடத்துக்குத் திரும்புவது மிக அரிது. அவர் நூல் கட்டியிருக்கலாம். மறு ஆண்டு கண்டதாகச் சொன்னதை நம்புவதுதான் கடினம்.

1899இல் டென்மார்க்கின் வீபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு அணிவித்தார். இன்றைய வளையமிடும் பணி அதிலிருந்தே தொடங்கியது. இன்றும் வசந்தத்தின் தொடக்கத்தில், விடியற்காலையில், மெல்லிய வலைகளை விரித்துக் காத்திருக்கிறார்கள். சிக்கிய பறவையைப் பக்குவமாக எடுத்து, வளையமிட்டு, சிறகை அளந்து, எடை பார்த்து, ஏட்டில் குறித்துவிட்டுப் பறக்க விடுகிறார்கள். அப்படி விடப்படும் சிறு பறவைகளில் மிகப் பல மீண்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. அப்போது அவர்கள் ஏட்டில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அந்த வெறுமையும் ஓர் உண்மைதான். ஆயிரக்கணக்கான அத்தகைய ஏடுகளிலிருந்துதான் பறவைகளின் வழித்தடங்கள் நமக்குத் தெரியவந்தன.

ஆடுபானிடம் கூர்மையான கண் இருந்தது, தளராத உழைப்பு இருந்தது. கூட்டின் அருகே மணிக்கணக்கில் பொறுமையாக அமர்ந்திருக்கவும் அவரால் முடிந்தது. அந்த வெற்றிடத்தை வெற்றிடமாக விடத்தான் அவருக்கு மனம் வரவில்லை போலும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனம் வருகிறது? செய்த நல்ல செயலுக்குப் பலன் தெரியாதபோது, சற்றே கூட்டிச் சொல்ல நம் நாவும் துடிக்கிறது அல்லவா? பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பழைய கதைகளிலும், பெருமையாக எழுதும் ஆண்டறிக்கைகளிலும், நாம் காணாத பறவைகள் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன?

அவருடைய ஓவியங்களை நாம் தொடர்ந்து வியக்கலாம். அவர் செய்த தீமையை மறைக்காமலும் சொல்லலாம். நூலைக் கட்டுவது நம் கையில் இருக்கிறது. பறவை திரும்பி வருவது நம் கையில் இல்லை. வராவிட்டால், வரவில்லை என்றே எழுதப் பழகுவோம்.