கடமை என்னும் முகமூடி

ஆஸ்திரியாவின் ஆல்ட்மூன்ஸ்டர் என்னும் சிற்றூரில் 1908-ஆம் ஆண்டு பிறந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்ல், முதலில் கற்றது நெசவுத் தொழில். இளம் வயதிலேயே அதில் தேர்ச்சி பெற்றார். ஆனால், தறியில் எதிர்காலம் இல்லை என்று கருதி 1931-இல் காவல் துறையில் சேர்ந்தார். ஒழுங்கும் சீருடையும் அவரை ஈர்த்தன.

1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கியபோது, அதன் ரகசியக் காவல் துறைக்குள் ஸ்டாங்லும் சென்றார். 1940-இல் ஹார்ட்ஹைம் மாளிகைக்கு மாற்றப்பட்டார். மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளும் நச்சுவாயுவால் கொல்லப்பட்ட இடம் அது. பாதுகாப்பையும் ஆவணங்களையும் கவனிப்பதே அங்கு அவரது பணி. தம் கையால் எவரையும் கொல்லவில்லை என்ற சமாதானம் அங்கேதான் வேர்விட்டது.

1942-இல் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், எஸ்.எஸ். துணை ராணுவப் படையின் அதிகாரியாக சோபிபோர் முகாமின் தலைமையை ஏற்றார். சில மாதங்களில் ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டார். முந்தைய தலைவரின் காலத்தில் அங்கு நிர்வாகம் சீர்குலைந்து, புதைக்கப்படாத உடல்கள் குவிந்து கிடந்தன. ஸ்டாங்ல் அதனைச் 'சீர்படுத்தினார்'. வந்திறங்கும் யூதர்கள் ஐயம் கொள்ளாதிருக்க, போலியான ரயில் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது; அதன் கடிகாரத்தின் முட்கள்கூட வரையப்பட்டவையே. அம்முகாமில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வெண்ணிறச் சீருடையில் வலம் வந்த முகாம் தலைவருக்கு அவர்கள் வெறும் சரக்காகவே தெரிந்தனர். 1943 ஆகஸ்ட் 2-இல் கைதிகள் கிளர்ந்தெழுந்து முகாமுக்குத் தீ வைத்தனர்.

போர் முடிந்து பிடிபட்ட ஸ்டாங்ல், 1948-இல் லின்ஸ் நகரக் காவலிலிருந்து தப்பினார். ரோமில் ஆயர் அலோய்ஸ் ஹூடாலின் உதவி பெற்று சிரியாவுக்கும், 1951-இல் பிரேசிலுக்கும் சென்றார். அங்கு வோக்ஸ்வாகன் கார் ஆலையில் வேலை செய்தார். பெயரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. நாஜிக் குற்றவாளிகளைத் தேடிவந்த சைமன் வீசென்தாலின் முயற்சியால் 1967-இல் கைதாகி, மேற்கு ஜெர்மனியிடம் ஒப்படைக்கப்பட்டார். 1970 டிசம்பரில் டியூசல்டார்ஃப் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சிறையில் அவரைப் பல மணி நேரம் சந்தித்து உரையாடினார் பத்திரிகையாளர் கிட்டா செரெனி. மேலிட உத்தரவு, குடும்பத்தின் பாதுகாப்பு, கடமை என ஸ்டாங்ல் காரணங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். இறுதிச் சந்திப்பில்தான், தடுமாற்றத்துடன், தமக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டார். மறுநாள், 1971 ஜூன் 28-இல், இதயச் செயலிழப்பு அவர் உயிரைப் பறித்தது.

ஸ்டாங்ல் பிறவிக் கொடியவர் அல்லர். ஒவ்வோர் இடமாற்றத்தையும் ஒவ்வொரு பதவி உயர்வையும் மறுக்காமல் ஏற்றவர். மக்களைக் காக்கத் தரப்பட்ட சீருடை, மனசாட்சியை மூடும் திரையாக மாறுவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதல் அநீதியான உத்தரவின்போதே மறுக்கும் துணிவைக் காவலருக்குக் கற்பிப்பதும், அவ்வாறு மறுப்பவரைக் காக்கும் சட்டத்தை இயற்றுவதும் எந்தவொரு சமூகத்துக்கும் கடமையாகும்.