தூக்கணாங்குருவிகளின் மரத்தடியில்

நகரத்தின் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், கிணற்றின்மேல் சாய்ந்து நிற்கும் முள்மரத்திலோ ஈச்ச மரத்திலோ சுரைக்குடுக்கை போன்ற கூடுகள் காற்றில் அசைந்தாடுவதைக் காணலாம். அவை தூக்கணாங்குருவியின் கூடுகள். அவற்றை உற்று நோக்கினால் ஒரு புதுமை புலப்படும். சில கூடுகள் முழுமை பெற்றிருக்கும். வேறு சில, கவிழ்த்து வைத்த தலைக்கவசம் போல் பாதியிலேயே நின்றிருக்கும். இத்துணை அழகாகப் பின்னத் தெரிந்த பறவை, கட்டிய வீட்டை ஏன் பாதியில் கைவிடுகிறது? ஆண்குருவி ஊஞ்சலாடுவதற்கே அரைக்கூடு என்று பலரும் நம்பி வந்தனர். உண்மையான விடையைக் கண்டறிந்தவர் சலீம் அலி. அப்போது அவர் வேலையிழந்து நின்ற இளைஞர்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இஃது என்ன பறவை என்னும் ஐயத்துடன், 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சென்றார். மில்லார்டு பறவையின் பெயரைக் கூறியதோடு நில்லாமல், பேழைகளில் அடுக்கப்பட்டிருந்த பாடம் செய்த பறவைகளையும் எடுத்துக் காட்டினார். சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பியது எனலாம்.

ஆயினும் அப்பாதை எளிதாக இருக்கவில்லை. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்துவிட்டுத் திரும்பிய அவர், பின்னர் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகப் பணியாற்றினார். விடுப்பில் ஜெர்மனி சென்று, பெர்லினில் ஸ்டிரெசமன் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் பயின்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டிருந்தது. கற்ற கல்வி கையில் இருந்தும் ஊதியம் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன், அலிபாக்கிற்கு அருகிலுள்ள கிஹீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார்.

மழைக்காலம் தொடங்கியது. வீட்டிற்கு அருகே நின்ற மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறு எங்குக் கிடைக்கும்? சலீம் அலி ஓர் ஏணியை நிறுத்தி, அதன் உச்சியில் கித்தான் துணியால் மறைவிடம் அமைத்துக்கொண்டார். அதனுள் அமர்ந்து, மாதக்கணக்கில் நாள்தோறும் குருவிகளின் செயல்களைக் கண்டு குறிப்பெடுத்தார். பொருள் ஈட்ட வழியில்லாத ஒருவர் குருவிகளைப் பார்த்துப் பொழுது போக்குகிறாரே என்று ஊரார் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

அவர் கண்டவை இவை. கூடு கட்டுவது ஆண்குருவியே. ஆண்கள் தனித்தனி மரங்களை நாடாமல், ஒரே மரத்தில் குடியிருப்புப் போலக் கூடிக் கட்டுகின்றன. நீண்ட புல்லிதழ்களைக் கீறி எடுத்து வந்து அலகால் முடிச்சிட்டுப் பின்னுகின்றன. கூடு பாதியளவு உருவானதும் பெண்குருவிகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. உடனே மரம் முழுவதும் ஆரவாரம் எழுகிறது! ஒவ்வோர் ஆணும் தன் கூட்டைப் பற்றித் தொங்கியபடி சிறகடித்து அழைக்கிறது. பெண்ணோ அவசரப்படுவதில்லை. கூட்டினுள் நுழைந்து பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டிற்குச் செல்கிறது. பெண் ஒப்புக்கொண்ட பின்னரே ஆண் முட்டையறையையும் நீண்ட நுழைவாயிலையும் கட்டி முடிக்கிறது. பெண் அதில் முட்டையிட்டுத் தானே அடைகாக்கிறது. ஆணோ சற்றுத் தள்ளி மற்றொரு கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணின் வரவை எதிர்நோக்குகிறது. எவரும் ஏற்காத கூடு பாதியில் நின்றுவிடும். அரைக்கூடு ஊஞ்சலன்று, பெண்களால் மறுக்கப்பட்ட வீடு.

இவ்வாய்வினைச் சலீம் அலி 1931இல் வெளியிட்டார். மனிதர் பிடித்து வைத்த பறவையையோ, பேழையில் இருந்த தோலையோ ஆராய்வதே பெருவழக்காக இருந்த காலம் அது. உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே பொறுமையுடன் கண்டு எழுதியதுதான் இவ்வாய்வின் சிறப்பு. பின்வந்த ஆய்வாளர்கள் இதனை மேலும் விரித்தனர். பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு அமைந்த இடத்திற்கே பெண்குருவி முதன்மை தருகிறது என்று அவர்கள் கண்டனர். உயரமான கிளை, முள் நிறைந்த மரம் ஆகியவை பாம்பு முதலிய பகைகளைத் தடுக்கும் அல்லவா? மேலும், பறவைகள் பல கூடி ஒலிக்கும் மரம், அவ்விடம் குடியிருக்கத் தக்கது என்பதைப் பிற பறவைகளுக்கு உணர்த்தும் குறிப்பாகவும் அமைகிறது.

அதன்பின் சலீம் அலி ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். காடு மேடெல்லாம் உடன் வந்த தெஹ்மினா 1939இல் மறைந்தார். அவ்விழப்பிற்குப் பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், எண்ணற்றோரைப் பறவை நோக்கர்களாக்கியது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளேயுடன் இணைந்து பத்துத் தொகுதிகளாலான பெருநூலையும் எழுதினார். பரத்பூர்ப் பறவைகள் புகலிடமும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட்டதில் அவர் குரலுக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுக் கோடிக்கரையில், வலசை வரும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தை அறியும் பணி அவரது ஊக்கத்தால் நடைபெற்றது.

1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற சலீம் அலி, 1987 ஜூன் 20ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று ஆய்வு மையம் ஒன்று இயங்கி வருகிறது.