இல்லறமும் தொழிலும் வழிபாடாக: நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை

உலகைத் துறந்து காட்டிற்குச் சென்று தவம் புரிவோர் பெருமை பெரிதே. ஆயினும் மனைவி மக்களைப் பேணி, தாய் தந்தையரைப் போற்றி, கையறிந்த தொழிலால் நேர்மையாகப் பொருளீட்டி, அப்பொருளால் அதிதிகளை உபசரித்து வாழும் க்ருஹஸ்தனையே ஏனைய மூன்று ஆச்ரமத்தாரும் நம்பி வாழ்கின்றனர் என்று நம் தர்ம சாஸ்திரங்கள் முழங்குகின்றன. அவரவர்க்கு அமைந்த கர்மத்தைப் பகவானுக்கு அர்ச்சனையாகச் செய்பவன் அதனாலேயே ஸித்தி பெறுகிறான் என்பது கீதையின் இறுதி அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளிய கருத்து. இவ்விரண்டு உண்மைகளுக்கும் நம் கண்முன் இலக்கியமாக வாழ்ந்து காட்டியவர், ஸ்ரீ நரசிம்மப் பெருமானும் நாமகிரித் தாயாரும் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட நாமக்கல் கவிஞர் ஆவார்.

காவிரியின் வடகரையில் உள்ள மோகனூர், கல்யாண பிரசன்ன வேங்கடரமணப் பெருமாள் கோயில் கொண்ட திருவூர். அவ்வூரில் 1888 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் வேங்கடராமப் பிள்ளைக்கும் அம்மணியம்மாளுக்கும் எட்டாவது மகவாக அவர் தோன்றினார். தேவகியின் எட்டாவது திருமகனை எண்ணி மகிழும் வைணவ உள்ளங்களுக்கு இச்செய்தி தனி இன்பம் தரும். இராமேசுவரத்தில் வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் இராமலிங்கம் என்று பெயரிட்டனர். இராமபிரான் திருக்கரத்தால் பூசித்த லிங்கத்தின் பெயர் அது. எனவே, ஹரியையும் ஹரனையும் பிரித்துப் பாராத பெற்றோரின் உள்ளம் அப்பெயரிலேயே புலனாகின்றது. அன்னையார் பக்தியிற் சிறந்தவர். இராமாயண பாரதக் கதைகளை மகனுக்குச் சொல்லி வளர்த்தார். அன்று ஊன்றிய வித்தே பிற்காலத்தில் கம்பனிடத்தே அவர் கொண்ட தீராக் காதலாகத் தழைத்தது.

நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிப் படிப்பையும், திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பையும் அவர் மேற்கொண்டார். தந்தையார் காவல் துறையில் பணிபுரிந்தவர். தம் மகனும் அத்துறையில் சேர்ந்து அதிகாரியாக விளங்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ அதில் மனம் செல்லவில்லை. நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலமும், தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சிறிது காலமும் இருந்து பார்த்தார். சர்க்கார் உத்தியோகம் என்றால் ஊரே கைகூப்பி நின்ற காலம் அது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். முதுமையில் பென்ஷனும் உண்டு. அத்தகைய உறுதியான வாழ்வை விடுத்து, தூரிகையையே நம்பித் தொழில் நடத்தத் துணிந்தார் என்றால், பகவான் தமக்களித்த திறமையில் அவருக்கிருந்த நம்பிக்கையே அதற்குக் காரணம் எனல் வேண்டும்.

சித்திரத் தொழிலில் ஆண்டுகள் பல அவர் உழைத்தார். வீட்டுக்கு வீடு புகைப்படக் கருவி இல்லாத நாட்கள் அவை. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மறைந்தால், அவருடைய திருவுருவம் கூடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புவோர் ஓவியரையே நாடினர். முகத்தின் சாயல் சிறிது பிசகினாலும் பெற்ற மக்கள் ஏற்க மாட்டார்கள். பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டிய தொழில் அது. ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் திருவுருவம் அவர் தொடக்க நாட்களில் வரைந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அவர் தீட்டிய ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தது. செட்டிநாட்டில் மகாகவி பாரதியாரைச் சந்தித்து, தம் கவிதைக்கு அவரது பாராட்டையும் பெற்றார். ஓவியம் சோறு போட, கவிதை உள்ளத்தே ஊறிக்கொண்டிருந்தது.

அவருடைய இல்லறம் இன்பம் மட்டுமே நிறைந்ததன்று. முதல் மனைவி முத்தம்மாள் அவரை விட்டுப் பிரிந்து பரமபதம் எய்தினார். வாழ்க்கைத் துணையை இழந்தவனுக்கு வீடும் காடாகிவிடும் என்பதை அனுபவித்தோரே அறிவர். பின்னர் அவ்வம்மையாரின் தங்கை சௌந்தரம்மாளை மணந்தார். அக்காள் விளக்கேற்றிய இல்லத்தில் தங்கை விளக்கேற்றினார். குலைய இருந்த குடும்பம் மீண்டும் நிலைபெற்றது.

இந்நிலையில்தான் தேசத்தின் அழைப்பு வந்தது. திலகரின் வழியில் முதலில் ஈடுபட்ட உள்ளம், காந்தியடிகளின் அஹிம்சை நெறியில் வந்து அமைதி கண்டது. நாமக்கல், கரூர், திருச்சி ஆகிய இடங்களில் காங்கிரஸ் பணிகளை அவர் ஏற்றார். 1930 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் சேலத்து மூதறிஞர் ராஜாஜி, ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். தொண்டர்கள் பாடிக்கொண்டு நடப்பதற்கென ஆயுதமேந்தா அறப்போரைப் போற்றும் பாடலை நாமக்கல் கவிஞரே இயற்றித் தந்தார். காவிரிக் கரையில் பிறந்த கவிஞரின் பாட்டு, தொண்டர்களோடு நடந்து சென்று கடலை எட்டியது.

மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஓவியம் தீட்டிப் பதக்கம் பெற்ற அதே கரம், அம்மன்னரின் ஆட்சி அகல வேண்டும் என்று பாட்டெழுதியது. இதனை முரண் என்பார் அறியாதார். தொழிலிலே வஞ்சனையின்றி உழைத்ததும் தர்மம். தேசத்திற்குத் துன்பம் நேர்ந்தபோது எழுந்து நின்றதும் தர்மமே. 1932 இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை வந்தது. சம்பளக்காரன் சிறை சென்றால் வேலை போகும். கைத்தொழிலாளன் சிறை சென்றால் அன்றே அடுப்பின் கனல் தணியும். தூரிகை ஓய்ந்தால் வருவாயும் ஓயும் என்பதை அறிந்தே அவர் சென்றார். வாயிற்படியில் நின்று வழியனுப்பும் இல்லாளின் துயரம் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அத்தியாகத்தில் பாதிப்பங்கு அவளுடையது என்று கொள்வதே நியாயம்.

கவிதை, நாவல், நாடகம், உரைநடை எனப் பல துறைகளில் அவர் நூல்கள் இயற்றினார். அவரது மலைக்கள்ளன் 1954 இல் திரைப்படமாக வந்து நாடெங்கும் புகழ் பெற்றது. திருக்குறளுக்கு உரை கண்டார். கம்பனையும் வால்மீகியையும் ஒப்பிட்டு நூல் செய்தார். ஆதிகவியும் கவிச்சக்கரவர்த்தியும் இராம காவியத்திற்கு இரு கண்கள். ஒரு கண்ணால் மறு கண்ணைக் குறை காண்பது முறையன்று. இரு கவிகளின் உள்ளத்தையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்கும் ஆர்வத்தைத் தமிழருக்குத் தூண்டியது அவர் செய்த தொண்டாகும். என் கதை என்னும் பெயரில் தம் வரலாற்றையும் எழுதி வைத்தார்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1949 இல் சென்னை அரசு அவரைத் தன் ஆஸ்தான கவிஞராக ஏற்றது. சட்ட மேலவையிலும் அவர் இடம்பெற்றார். 1971 இல் பாரத அரசு பத்மபூஷண் விருதளித்துப் போற்றியது. எண்பது ஆண்டும் எட்டுத் திங்களும் கடந்து ஆயிரம் பிறை காணும் பேறு பெற்றவராய், எண்பத்து நான்காம் பிராயத்தில், 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 ஆம் நாள் பூவுலக வாழ்வை நீத்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடமும், நாமக்கல்லில் உள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒருகாலத்தில் தாலுகா அலுவலக வேலை வேண்டாவென்று வந்தவரின் பெயரையே அரசின் பெருமாளிகை ஏந்தி நிற்பது பகவத் சங்கல்பமன்றோ!

இத்தலத்தில் பதினெட்டடி உயர ஆஞ்சநேயர், மேற்கூரையின்றி வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு, நரசிம்மப் பெருமானை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். கைங்கர்யம் என்பதன் இலக்கணம் அதுவே: நின்ற இடத்தில் உறுதியாக நிற்பது, நிழலை நாடாதிருப்பது, பெருமானை விட்டுப் பார்வையை அகற்றாதிருப்பது. துன்பமும் இன்பமும் மாறி மாறி வந்தபோதும் குடும்பத்தைக் கைவிடாமலும், தொழிலில் தாழாமலும், தேசத்தை மறவாமலும் நின்ற நம் கவிஞரின் நெடிய வாழ்வு அவ்விலக்கணத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு.

உற்சவ சேவைக்கு வரும் அன்பர்களுள் தறியில் இருப்போரும், லாரித் தொழில் புரிவோரும், கடை வைத்திருப்போரும், கழனியில் உழைப்போரும் பலர். நாள்தோறும் நெடுநேரம் சந்நிதியில் அமர இயலவில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. அளவில் குறையாமலும், சொல்லில் பிறழாமலும், பெற்றோரையும் இல்லாளையும் வாடவிடாமலும் செய்யும் தொழிலே திருவாராதனம் என்று கொள்வார்களாக. அத்தகைய இல்லங்கள் தோறும் நாமகிரித் தாயார் ஸமேத ஸ்ரீ நரசிம்மப் பெருமான் எழுந்தருளி, நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் அருளித் திருவுள்ளம் உகப்பாராக.

சுபம்.