மண்ணின் தந்தை பிர்சா முண்டா

முன்னுரை

திருவானைக்காவலில் வாழும் நமக்கு மரத்தைப் போற்றுவது புதிதன்று. நம் ஊர்க் கோயிலின் தலமரம் வெண்ணாவல். ஆனைக்கா என்னும் பெயரிலுள்ள 'கா' என்பதற்கே சோலை என்றுதான் பொருள். ஆனால், மரமும் மலையும் காடுமே கோயிலாக வாழ்ந்த ஒரு மக்களையும், அவர்களை வழிநடத்திய ஓர் இளைஞரையும் நம்மில் பலர் அறியோம். இருபத்தைந்து வயது நிரம்பும் முன்பே மறைந்த அவரை அம்மக்கள் 'தர்த்தி ஆபா' என்று அழைத்தனர். மண்ணின் தந்தை என்பது அதன் பொருள். அவரே பிர்சா முண்டா.

பிறப்பும் இளமையும்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உலிஹாத்து என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1875-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சுகனா முண்டா, கர்மி ஆகியோரின் மகனாகப் பிர்சா பிறந்தார். குடும்பம் மிக வறியது. வேலை தேடி ஊர் ஊராக அலைந்த பெற்றோரால் பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொள்ளக்கூட இயலவில்லை. உறவினர் வீட்டில் வளர்ந்த சிறுவன் ஆடு மேய்த்தான். மேய்க்கும்போது புல்லாங்குழல் ஊதினான்.

படிப்பில் ஆர்வம் கண்டு சாய்பாசாவில் இருந்த ஜெர்மன் லூத்தரன் மிஷன் பள்ளியில் அவரைச் சேர்த்தனர். ஞானஸ்நானம் பெற்றுத் தாவீது என்ற பெயரும் பெற்றார். அக்காலத்தில் முண்டாத் தலைவர்கள் இழந்த நிலத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்காக மனுக்கள் எழுதி வந்தனர். அவர்களுக்கும் மிஷனுக்கும் இடையே பிணக்கு மூண்டது. தம் மக்களின் பக்கம் நின்ற பிர்சா 1890-இல் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் மிஷனையும் விட்டார்.

மக்களின் துயரம்

முண்டாக்களின் முன்னோர் காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள். எந்தக் குடும்பத்தார் காட்டைத் திருத்தினரோ, அவர்களின் வழிவந்தோர் அனைவருக்கும் அந்நிலம் பொதுச் சொத்து. இதற்குக் 'குந்த்கட்டி' உரிமை என்று பெயர். காட்டை வெட்டும்போதும் சால் மரங்களின் ஒரு தோப்பைத் தெய்வத்துக்கென்று விட்டுவைத்தனர். நிலத்துக்குக் காகிதப் பட்டா கிடையாது. முன்னோரைப் புதைத்த இடத்தில் நட்ட கற்களே அவர்களுக்குப் பட்டா.

வெள்ளையர் நீதிமன்றமோ காகிதத்தைக் கேட்டது. வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் காகிதத்தோடு வந்தனர். நிலத்துக்கு உரியவர்கள் தம் நிலத்திலேயே கூலியில்லாமல் உழைக்க நேர்ந்தது. காட்டின் மீதும் அரசு எல்லை வகுத்தது.

சமயத் தலைவர்

1895-ஆம் ஆண்டு, கடவுள் தமக்குக் காட்சி தந்து மக்களை மீட்கப் பணித்தார் என்று பிர்சா அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. நோயுற்றோரைத் தேடிச் சென்று பேணினார். சிங்போங்கா என்னும் ஒரே இறைவனை வணங்கவும், ஆவிகளுக்கு அஞ்சிப் பலியிடுவதை விடவும், மதுவை ஒழிக்கவும், தூய்மையாக வாழவும் கற்பித்தார். சல்காத் என்னும் ஊருக்கு மக்கள் திரள் திரளாக வந்தனர். தாழ்ந்து கிடந்த மக்கள் தலைநிமிர்வதைக் கண்டு அஞ்சிய அரசு, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவரைச் சிறைப்பிடித்து இரண்டாண்டு கடுங்காவல் விதித்தது. அவர் வெளிவந்த வேளையில் நாடு பஞ்சத்தால் வாடியிருந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பாலும் இத்தகைய கதை நடந்தது. வட அமெரிக்காவின் லக்கோட்டா மக்களுக்குக் கருங்குன்றுகள் புனிதமானவை. 1868-இல் செய்த உடன்படிக்கையை மீறி, தங்கம் கிடைத்ததும் அவை பறிக்கப்பட்டன. அம்மக்களின் சமயத் தலைவரான சிட்டிங் புல் 1890 டிசம்பர் 15 அன்று, கைது செய்ய வந்த போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மண்ணை இழந்த மக்கள் எங்கிருந்தாலும் இறைவனிடமே முறையிடுகின்றனர் போலும்!

உல்குலான்

1899 டிசம்பர் 24. நாம் குடில் கட்டி விண்மீன் ஏற்றும் அந்த இரவில் முண்டாக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு 'உல்குலான்', அதாவது பெருங்கிளர்ச்சி, என்று பெயர். காவல் நிலையங்கள் மீது மட்டுமன்றித் தேவாலயங்கள் மீதும் மிஷன் வீடுகள் மீதும் அம்புகள் பாய்ந்தன. இயேசு சபைக் குருக்கள் பணியாற்றிய சர்வதா மிஷனும் அதில் ஒன்று.

இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே எழுந்தது. ஆலயத்தின் மீது அம்பு எய்தவர்களின் தலைவரைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்டனர். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தை நாற்காலியில் அமர்ந்து அளக்கலாமா என்று வேறு சிலர் கேட்டனர். எங்கள் சிஸ்டர் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டு வரை படித்துவிட்டு வரும்படி கூறினார். நாங்களும் படித்தோம்.

1900 ஜனவரி 9 அன்று டோம்பாரி மலைப்பகுதியில் திரண்டிருந்தவர்கள் மீது படையினர் சுட்டனர். மாண்டவர்களில் பெண்களும் இருந்தனர். கயா முண்டா என்னும் வீரரைப் பிடிக்க வந்த போலீசாரை, அவர் மனைவி மாகியும் வீட்டுப் பெண்களும் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்தனர். மாகி சிறை சென்றார். பிப்ரவரி 3 அன்று பிர்சா பிடிபட்டார். வெகுமதிக்கு ஆசைப்பட்டவர்களே காட்டிக்கொடுத்தனர். 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் அவர் உயிர் பிரிந்தது. காலரா என்றது அரசு, மக்கள் நம்பவில்லை.

அம்புக்குக் கிடைத்த பதில்

கதை இங்கே முடியவில்லை. சர்வதாவில் பணியாற்றியவர் யோவான் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானிய இயேசு சபைக் குரு. தம் மிஷன் மீது அம்பு எய்தவர்களைப் பழிக்காமல், அம்பு ஏன் வந்தது என்று அவர் ஆராய்ந்தார். முண்டாரி மொழியைக் கற்று அதற்கு இலக்கணமும் பல தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியமும் உருவாக்கினார். முண்டாக்களின் நில உரிமையை ஆட்சியாளருக்கு விளக்கி எழுதினார். 1908-இல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் பிறந்தது. அது குந்த்கட்டி உரிமையை ஏற்றது. ஆதிவாசிகளின் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுத்தது. அச்சட்டம் உருவாக ஹாஃப்மன் பெரிதும் துணைபுரிந்தார்.

பிர்சா எழுப்பிய கேள்விக்கு, அவர் விட்டு விலகிய சமயத்தைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து பதில் எழுதினார். அம்பு எய்தது சரி என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்த அம்பு எழுந்திராவிட்டால் அச்சட்டம் வந்திருக்குமா என்று கேட்டால் எங்களில் எவராலும் ஆம் என்று சொல்ல இயலவில்லை. மன்னிப்பு என்பது மறப்பது மட்டுமன்று, மற்றவருக்கு உரியதைத் திருப்பித் தருவதும் ஆகும் என்பதை நாங்கள் இதிலிருந்து கற்றோம்.

முடிவுரை

பிர்சாவின் பிறந்த நாளான நவம்பர் 15-இல்தான், 2000-ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆயிற்று. 2021 முதல் அந்நாள் நாடெங்கும் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் இடம்பெற்றது.

விழாவும் படமும் இருக்கட்டும். நம் மாநிலத்திலும் பச்சைமலை, கொல்லிமலை என்று மலைவாழ் மக்கள் நம் திருச்சிக்கு அருகிலேயே வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் நம்மோடு ஒரே வகுப்பில் அமரும்போது, அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல், அவர்கள் மலையைப் பற்றிக் கேட்டறிவோமாக! அதுவே மண்ணின் தந்தைக்கு நாம் செலுத்தும் மலரஞ்சலி.

வாழ்க பிர்சாவின் புகழ்!

— பத்தாம் வகுப்பு மாணவி